காரணங்களும் மனிதர்களும்: ஈரானியப் புரட்சியின் தொடக்கம் குறித்த விளக்கங்கள் — ஒரு விமர்சன நோக்கு

ஒரு முடியாட்சி வீழ்ந்த பின்னர், அது வீழ்ந்தமைக்கான காரணங்களைப் பட்டியலிடுவது எளிது. வீழ்வதற்குச் சில மாதங்கள் முன்புவரை அதனை எவரும் ஏன் எதிர்பார்க்கவில்லை என்பதை விளக்குவதே கடினம். 1977 டிசம்பர் 31ஆம் நாள் இரவு தெஹ்ரானில் நடைபெற்ற அரச விருந்தில், கொந்தளிப்பு மிகுந்த ஒரு பிராந்தியத்தில் ஈரான் நிலைபேற்றின் தீவாகத் திகழ்கின்றது என அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் புகழ்ந்துரைத்தார். 1978 ஆகஸ்டில் அமெரிக்க உளவு நிறுவனம் தயாரித்த மதிப்பீடு, ஈரானில் புரட்சிச் சூழலோ அதற்கு முந்திய சூழலோ இல்லை என முடிவு செய்தது. ஐந்து மாதங்கள் கழித்து, 1979 ஜனவரி 16ஆம் நாள், முஹம்மத் ரிஸா ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். பிப்ரவரி 11ஆம் நாளுடன் ஈரானில் முடியாட்சி முடிவுற்றது.

இந்நிகழ்வு குறித்து இருவகை எழுத்துகள் நம்மிடையே புழங்கி வருகின்றன. மேற்குலகில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை எண்ணெய், பணவீக்கம், அவசர நவீனமயம், மதவெறி என ஏதேனும் ஒன்றையோ பலவற்றையோ காரணமாக நிறுத்துகின்றன. முஸ்லிம் உலகில், தமிழிலும்கூட, எழுதப்பட்டவற்றுள் பல ஈமானின் வலிமை ஒன்றையே காரணமாக்கி மேலே பேச மறுக்கின்றன. ஒன்று மக்களைப் பொருளாதார விதிகளின் கைப்பாவைகளாக்குகின்றது. மற்றது அவர்களை ஓர் அற்புதத்தின் பார்வையாளர்களாக்குகின்றது. இரண்டிலும், தெருவில் இறங்குவதா வீட்டில் இருப்பதா என ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டியிருந்த மனிதர் காணாமற்போகின்றார். அவரை மீட்டெடுக்க முயன்ற நூல் ஒன்றை மையமாக வைத்து இவ்விளக்கங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதே நமது நோக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் குர்ஸ்மன் 2004இல் வெளியிட்ட அந்நூலின் தலைப்பு, 'ஈரானில் நினைத்தும் பார்க்கவியலாப் புரட்சி' எனப் பொருள்படும்.

முடியாட்சி தானே அடைத்த வாயில்கள்

பஹ்லவி வம்சத்தின் முதல் மன்னர் ரிஸா கான் 1921ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சி வழியாக மேலெழுந்து 1925இல் அரியணையைப் பெற்றார். 1941இல் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஈரானுள் படை நடத்தி அவரைப் பதவி துறக்கச் செய்ய, அவர்தம் மகன் முஹம்மத் ரிஸா மன்னரானார். எண்ணெய்த் தொழிலை 1951இல் தேசியமயமாக்கிய பிரதமர் முஸத்திக்கை, 1953 ஆகஸ்ட் 19ஆம் நாள் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளின் துணையுடன் நடந்த சதிப் புரட்சி வீழ்த்தியது. நாட்டைவிட்டு ஓடியிருந்த மன்னர் திரும்பிவந்தார். அந்நிய உதவியால் மீட்கப்பட்ட அரியணை என்ற கறை அதன்பின் அவரைவிட்டு அகலவேயில்லை. 1957இல் 'ஸவாக்' என்னும் இரகசியக் காவல் அமைப்பு நிறுவப்பட்டது.

1963இல் 'வெண்புரட்சி' என்னும் பெயரில் நிலச்சீர்திருத்தம் உள்ளிட்ட திட்டங்களை மன்னர் அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் ஆயத்துல்லாஹ் குமைனி கைதானதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சி படைபலத்தால் நசுக்கப்பட்டது. அமெரிக்க இராணுவத்தினருக்கு ஈரானிய நீதிமன்றங்களிலிருந்து விலக்களித்த சட்டத்தைக் கண்டித்ததற்காக 1964 நவம்பரில் அவர் நாடு கடத்தப்பட்டார். துருக்கியில் சிறிது காலம் இருந்தபின், 1965 முதல் இராக்கின் நஜஃப் நகரம் அவரது வாழ்விடமாயிற்று.

எழுபதுகளில் எண்ணெய் வருவாய் பெருகியது. வரலாற்றாசிரியர் எர்வண்ட் ஆப்ரகாமியன் தரும் கணக்கின்படி, 1973-74இல் சுமார் 5 பில்லியன் டொலராக இருந்த வருவாய் 1975-76இல் 20 பில்லியன் டொலரை நெருங்கியது. அச்செல்வம் விலைவாசியை உயர்த்தியது. கிராமங்களை நகரங்களின் விளிம்புகளுக்குத் துரத்தியது. ஆயினும் அரசியல் நோக்கில் அதனினும் பாரதூரமானவை, வளத்தின் உச்சியில் நின்று மன்னர் எடுத்த மூன்று முடிவுகள் என்பது நமது கருத்து. முதலாவது, 1975 மார்ச்சில் 'ரஸ்தாகீஸ்' என்னும் ஒற்றைக் கட்சியை நிறுவி ஏனைய கட்சிகளைக் கலைத்தார். சேர விரும்பாதோர் நாட்டைவிட்டுப் போகலாம் என்றும் அறிவித்தார். இரண்டாவது, விலையேற்றத்திற்கான பழியைப் பஸார் வணிகர்மீது சுமத்தி, கொள்ளை இலாபத்திற்கெதிரான நடவடிக்கை என்னும் பெயரில் அவர்களுக்கு அபராதமும் சிறைத் தண்டனையும் விதித்தார். மூன்றாவது, 1976இல் ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்ட சூரிய நாட்காட்டியை நீக்கிவிட்டு, பண்டைய பாரசீகப் பேரரசன் ஸைரஸைத் தொடக்கமாகக் கொண்ட அரச நாட்காட்டியைப் புகுத்தினார். 1355ஆம் ஆண்டில் உறங்கச் சென்ற மக்கள் 2535ஆம் ஆண்டில் விழித்தெழுந்தனர்.

கட்சி, வணிகம், காலக் கணக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு துறைகளாகத் தோன்றலாம். அதுவரை அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே விடப்பட்டிருந்த வெளிகளை இம்மூன்றும் ஒருங்கே அடைத்தன என்பதை மனங்கொள்ளல் வேண்டும். பாராளுமன்றவாதிக்குப் பேச இடமில்லை. வணிகனுக்குத் தன் கடையில் அமைதியில்லை. ஆலிமுக்குத் தன் நாட்காட்டியே இல்லை. ஒருவரையொருவர் ஐயுற்றிருந்த தரப்புகளுக்கு ஒரு பொதுவான குறையை மன்னரே வழங்கினார். பொருளாதார வளர்ச்சிக்கும் அரசியல் தேக்கத்திற்கும் இடையிலான முரண்பாட்டைப் புரட்சியின் வேராகக் காணும் ஆப்ரகாமியனின் விளக்கம் இவ்வகையில் வலிமையுடையதே.

ஒரே நகரம், இரு நிகழ்வுகள்

எனினும் குறைகள் இருந்தன என்பதனால் மட்டும் கிளர்ச்சி பிறந்துவிடுவதில்லை. இதற்குக் குர்ஸ்மன் எடுத்துக்காட்டும் சான்று நம் கவனத்திற்குரியது. 1975 ஜூனில் கும் நகரின் ஃபைஸிய்யா மத்ரஸா மாணவர்கள், 1963ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பன்னிரண்டாம் ஆண்டு நினைவை முன்னிட்டுப் போராட்டத்தில் இறங்கினர். படையினர் மத்ரஸாவுள் புகுந்து பலரைக் கைது செய்தனர். நாட்டின் ஏனைய பகுதிகள் அசையவில்லை. மூத்த உலமாக்களுள் பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை.

1978 ஜனவரி 7ஆம் நாள் 'இத்திலாஆத்' நாளேடு குமைனியை இழிவுபடுத்தும் கட்டுரையொன்றைப் புனைபெயரில் வெளியிட்டது. இரு நாட்கள் கழித்து அதே கும் நகரில் மாணவர் திரண்டனர், காவலர் சுட்டனர், உயிர்கள் பலியாயின. இம்முறை நாடு அசைந்தது. நகரமும் மத்ரஸாவும் மாணவரும் மன்னரும் மாறவில்லை. 1975இல் இருந்த குறைகளே 1978இலும் இருந்தன. அவ்வாறெனின் மாறியது யாது?

1977ஆம் ஆண்டின் நிகழ்வுகளில் விடையின் ஒரு பகுதி உள்ளது. அவ்வாண்டு ஜூனில் தேசிய முன்னணித் தலைவர்களான ஸன்ஜாபி, பக்தியார், ஃபுரூஹர் ஆகியோர் அரசியலமைப்பை மதிக்குமாறு மன்னருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அக்டோபரில் எழுத்தாளர் சங்கம் ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனத்தின் ஆதரவில் தெஹ்ரானில் நடத்திய பத்து இரவுக் கவிதை அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். சிந்தனையாளர் அலீ ஷரீஅத்தி ஜூனில் இங்கிலாந்தில் காலமானார். குமைனியின் மூத்த மகன் முஸ்தஃபா அக்டோபரில் நஜஃபில் காலமானார். அவ்விரு மரணங்களுக்கும் மக்கள் ஸவாக்கையே பொறுப்பாக்கினர். இரங்கற் கூட்டங்களில், நெடுங்காலம் உச்சரிக்கப்படாத குமைனியின் பெயர் மீண்டும் வெளிப்படையாக ஒலித்தது. தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்தோர், தம்மைப் போன்றே பிறரும் எண்ணுகின்றனர் என்பதைக் கண்ணாரக் கண்ட ஆண்டு அது.

நாற்பதாம் நாட்களின் தொடர்

இறந்தோரை நாற்பதாம் நாளில் நினைவுகூரும் வழக்கம் நம்மவருள் பலருக்கும் அந்நியமானதன்று. ஷீஆ மரபில் அது கர்பலாவின் நினைவுடன் இணைந்து ஆழமான பொருளைப் பெறுகின்றது. கும் நகரில் கொல்லப்பட்டோருக்கான நாற்பதாம் நாள் 1978 பிப்ரவரி 18ஆம் நாளன்று வந்தது. பல நகரங்களில் அது அமைதியாக நிகழ, தப்ரீஸில் பெருங்கிளர்ச்சியாயிற்று. ரஸ்தாகீஸ் கட்சி அலுவலகமும் வங்கிகளும் திரையரங்குகளும் தாக்கப்பட்டன. தப்ரீஸில் இறந்தோருக்காக மார்ச் இறுதியில் யஸ்த் முதலிய நகரங்களிலும், அங்கு இறந்தோருக்காக மே மாதத்திலும் மக்கள் கூடினர். மேயில் படையினர் கும் நகரில் ஆயத்துல்லாஹ் ஷரீஅத்மதாரியின் இல்லத்துள்ளேயே புகுந்து சுட்டனர். மிதவாதியென அறியப்பட்ட ஒருவரின் வாசலிலும் இரத்தம் சிந்தியபின், நடுநிலை வகிப்பது கடினமாயிற்று.

இத்தொடரை ஏதோ தானாக இயங்கிய பொறிபோல வருணிக்கும் எழுத்துகள் மிகப்பல. நூலின் சிறந்த பகுதி, அவ்வருணனையைத் தகர்க்கும் பகுதியே. நாற்பதாம் நாள் என்பது இயல்பாக எதிர்ப்பு நாளன்று. குடும்பத்தார் கூடி ஓதிக் கலையும் நாள். அதனைப் பொதுத் துக்கமாகவும் எதிர்ப்பாகவும் மாற்ற வேண்டுமென வாதாடியோர் இருந்தனர். வீட்டிலிருந்தே துக்கம் அனுசரியுங்கள் என வேண்டியோரும் இருந்தனர். மஸ்ஜித்களும் தொடக்கத்தில் குமைனியின் ஆதரவாளர்களுக்குத் தாமாகத் திறந்துவிடவில்லை. தயங்கிய மூத்த உலமாக்களை இணங்கச் செய்யவேண்டியிருந்தது. ஜூன் 17ஆம் நாள் வந்த அடுத்த நாற்பதாம் நாள் கடையடைப்புடன் அமைதியாகக் கழிந்தது. தொடர் அங்கு அறுந்தது. புரட்சி முடிந்துவிட்டதெனவே அரசும் நோக்கர் பலரும் நினைத்தனர்.

மரபு ஓர் ஆயுதம் எனின், அதனை எடுக்கத் துணியும் கை தேவை. இதை வலியுறுத்தும் அளவில் நாம் நூலாசிரியருடன் முழுமையாக உடன்படுகின்றோம்.

ரமளானிலிருந்து முஹர்ரம் வரை

ஆகஸ்டில் ரமளான் பிறந்தது. தொழுகைக்கெனக் கூடிய மக்கள் மீண்டும் தெருவிலும் கூடினர். இஸ்ஃபஹானில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 19ஆம் நாள் அபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கு தீக்கிரையாகி நானூறு பேரளவில் மாண்டனர். செப்டம்பர் 4ஆம் நாள் நோன்புப் பெருநாள் தொழுகையை அடுத்து தெஹ்ரானில் மாபெரும் பேரணி நடந்தது. செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதை அறியாமலும் அறிந்தும் ஜாலே சதுக்கத்தில் கூடியோர்மீது படையினர் சுட்டனர். மன்னருக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையே இணக்கம் காணலாம் என்ற நம்பிக்கை அன்று மடிந்தது.

அதன்பின் வேலைநிறுத்தங்கள் பரவின. எண்ணெய்த் தொழிலாளர் கைவிரித்ததும், நாளொன்றுக்கு 50 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் எடுத்துவந்த தொழில் முடங்கி, டிசம்பர் இறுதியில் ஏற்றுமதி அடியோடு நின்றது. இராக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குமைனி அக்டோபரில் பாரிஸ் சென்றடைந்தார். அவரது உரைகள் தொலைபேசி வழியாகவும் ஒலிநாடாக்கள் வழியாகவும் ஊர்தோறும் பரவின. நவம்பர் 6ஆம் நாள் இராணுவ அரசை அமைத்த மன்னர், அன்றே தொலைக்காட்சியில் தோன்றி மக்களின் புரட்சிக் குரலைத் தாம் கேட்டுவிட்டதாக அறிவித்தார். ஒரு கையில் துப்பாக்கியையும் மறுகையில் மன்னிப்பையும் ஏந்திய அரசை எவரும் நம்பவில்லை. டிசம்பர் 10, 11 ஆகிய தாஸூஆ, ஆஷூரா நாட்களில் நாடெங்கும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஈரானிய மக்கள்தொகையில் பத்திலொரு பங்கினருக்கும் மேல் இப்புரட்சியில் பங்கேற்றனர் எனவும், பிரெஞ்சு, ரஷ்யப் புரட்சிகளில் இவ்விகிதம் மிகச் சிறியது எனவும் குர்ஸ்மன் கணிக்கின்றார்.

விளக்கங்களின் போதாமையும் 'விளக்க மறுப்பின்' போதாமையும்

குர்ஸ்மன் அரசியல், அமைப்பு, பண்பாடு, பொருளாதாரம், இராணுவம் என ஐவகை விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு, எதுவும் தனித்து நிற்கவில்லை எனக் காட்டுகின்றார். பொருளாதாரச் சரிவு பற்றிய அவரது கேள்வி கூர்மையானது: மந்தநிலை முன்னரும் ஏற்பட்டதுண்டு, அப்போது ஏன் புரட்சி இல்லை? படைபலம் தளர்ந்தது என்பாருக்கு, படை கடைசி நாட்கள்வரை பெரும்பாலும் கட்டுக்கோப்புடன் இருந்ததை நினைவூட்டுகின்றார். இறுதியில் அவர் வந்தடையும் இடத்தை 'விளக்க மறுப்பு' என்றே அழைக்கின்றார். வழக்கங்கள் உடைந்த குழப்ப காலத்தில், அடுத்தவர் என்ன செய்வார் என்பதை ஒவ்வொருவரும் ஊகிக்க முயன்றனர். இவ்வியக்கம் வெல்லக்கூடியது எனப் போதுமானோர் நம்பத் தொடங்கியபோது அது வெல்லக்கூடியதாயிற்று.

கோட்பாட்டாளர்களின் தன்னம்பிக்கைக்கு இது நல்ல மருந்து. புரட்சிகள் உருவாக்கப்படுவதில்லை, அமைப்புகளின் நெருக்கடியால் தாமே வருகின்றன என வாதிட்ட தீடா ஸ்கோச்போலின் புகழ்பெற்ற நூல் 1979இல் வெளிவந்தது. ஈரானியப் புரட்சி மனிதரால் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதாகவே தோன்றுகின்றது என 1982இல் அவரே எழுதவேண்டி வந்தது. அவர் தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்ட நேர்மை பாராட்டத்தக்கது.

ஆயினும் குர்ஸ்மனின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. பிறரும் வருவர் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? அந்நம்பிக்கைக்கு ஒரு நாளும் ஓர் இடமும் வேண்டும். கட்சியும் செய்தித்தாளும் தடைசெய்யப்பட்ட நாட்டில், எவரும் அறிவிக்காமலே எல்லாரும் அறிந்திருந்த நாட்கள் எவை? நாற்பதாம் நாள், ரமளான் இரவுகள், பெருநாள் காலை, ஆஷூரா. துண்டறிக்கை அச்சிடத் தேவையில்லை. ஸவாக்கால் அவற்றைப் பறிமுதல் செய்யவும் இயலாது. முஹர்ரம் மாதத்தின் முதல் இரவுகளில் ஊரடங்கை மீறாமலேயே மக்கள் தத்தம் மொட்டைமாடிகளில் நின்று தக்பீர் முழங்கினர். இருளில் முகம் தெரியாது. ஆயின் எத்தனை குரல்கள் எழுகின்றன என்பது தெருவுக்கே கேட்டது. தம்மோடு இருப்போரை எண்ணிக்கொள்ள அதனினும் சிறந்த வழி வேறில்லை. குர்ஸ்மன் இறுதியில் முன்வைக்கும் நம்பிக்கையும், அவர் முன்னரே ஒதுக்கிவைத்த பண்பாடு என்னும் தளத்தின்மீதே நிற்கின்றது. காரணம் என்பது விளைவைக் கட்டாயப்படுத்த வேண்டுமென அவர் எதிர்பார்க்கின்றார். வாய்ப்பை உருவாக்குவதும் காரணத்தின் பணியே.

எதிர்த்திசையில் தவறியவர் மிஷெல் ஃபூக்கோ. 1978 செப்டம்பரிலும் நவம்பரிலும் ஈரான் சென்ற அப்பிரெஞ்சுச் சிந்தனையாளர், இத்தாலிய நாளேடொன்றில் எழுதிய கட்டுரைகளில் மதத்தைப் பின்தங்கிய மக்களின் போதையாகக் கருதாமல், அரசியலுக்கு உயிரூட்டும் ஆன்மிகமாகக் கண்டார். மேற்குலகின் ஏளனத்தினூடே அது அரிய பார்வை. ஆயின் திரண்ட கூட்டத்தில் அவர் ஒற்றை விருப்பத்தை மட்டுமே கண்டார். பாரிஸில் வாழ்ந்த ஈரானியப் பெண்மணி ஒருவர் அவருக்கு எழுதிய மறுப்பில், நாளை பெண்களின் நிலை என்னாகும் எனக் கேட்டார். ஃபூக்கோ அவ்வினாவுக்கு நேராக முகங்கொடுக்கவில்லை. 1979 மார்ச் 8ஆம் நாள் ஹிஜாப் கட்டாயமாக்கப்படுவதை எதிர்த்துத் தெஹ்ரான் பெண்கள் ஊர்வலம் சென்றபோது, அக்கூட்டத்தினுள் பல விருப்பங்கள் இருந்தமை உலகுக்கே தெரிந்தது.

எண்ணிக்கையின் அறம்

நம்மவர் எழுத்துகளை நோக்கியும் சில கூறியாகவேண்டும். ஜாலே சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் என நாம் தொடர்ந்து எழுதி வருகின்றோம். புரட்சிக்குப் பின் ஈரானிலேயே தொகுக்கப்பட்ட தியாகிகள் ஆவணங்களை ஆராய்ந்த எழுத்தாளர் இமாதுத்தீன் பாகி, அன்றைய தினம் தெஹ்ரானில் இறந்தோர் 88 பேர் எனவும், அவர்களுள் 64 பேர் சதுக்கத்தில் இறந்தனர் எனவும் கண்டறிந்தார். 88 என்பது சிறிய எண்ணா? நிராயுதபாணிகளாக நின்ற 88 பேரைக் கொன்ற அரசைக் கண்டிப்பதற்கு அவ்வெண்ணை ஆயிரங்களாக ஊதவேண்டிய தேவை என்ன? மிகைப்படுத்தல் இறந்தோரை உயர்த்துவதில்லை. அவர்களை எண்ணுக்குள் புதைத்துவிடுகின்றது.

ரெக்ஸ் திரையரங்கு விடயம் இதனினும் கசப்பானது. கதவுகள் அடைக்கப்பட்டிருந்த அரங்கிற்குத் தீ வைத்தது ஸவாக்கே என நாடு முழுவதும் நம்பியது. நடுநிலையாளர் பலரை மன்னருக்கெதிராகத் திருப்பியது அந்நம்பிக்கையே. 1980இல் நடைபெற்ற வழக்கும் பிந்திய ஆய்வுகளும் சுட்டியதோ, ஆட்சியை எதிர்த்த மத ஆர்வலர் சிலரை. மன்னராட்சியின் கொடுமைகள் எவையும் இதனால் குறைந்துவிடவில்லை. ஆயின், தன்மீது சுமத்தப்பட்ட எப்பழியையும் மக்கள் உடனே நம்பும் அளவுக்கு ஓர் அரசு தன் நம்பகத்தன்மையை இழந்திருந்தது என்பதே இதிலுள்ள வரலாற்றுப் பாடம். அப்பாடத்தைக் கற்க, உண்மையை மறைக்காமல் எழுதும் துணிவு நமக்குத் தேவை.

இவ்வாறே, புரட்சியின் தொடக்கத்தில் நின்றோரின் பட்டியலும் நம் எழுத்துகளில் சுருங்கிப்போயிற்று. பாஸர்கானும் தாலிகானியும் ஷரீஅத்மதாரியும், தேசிய முன்னணியினரும் இடதுசாரிகளும், கவிஞர்களும் எண்ணெய்த் தொழிலாளரும் அங்கிருந்தனர். சுதந்திரம், விடுதலை, இஸ்லாமியக் குடியரசு என முழங்கியோர் அச்சொற்களுக்கு ஒரே பொருளைக் கொண்டிருக்கவில்லை. 1979 நவம்பரில் பாஸர்கான் அரசு பதவி விலகியது. 1982இல் ஷரீஅத்மதாரியின் மர்ஜஃ தகுதி பறிக்கப்பட்டது. வென்றவர் எழுதும் வரலாற்றில், தொடக்கம் எப்போதும் முடிவை நோக்கியே நடப்பதாகத் தோன்றும். 1978இல் வாழ்ந்தோருக்கு முடிவு தெரியாது.

விதியும் மனித முயற்சியும் பற்றி நம் கலாம் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக நடத்திய விவாதம், மனிதனின் செயலுக்கு அவனே பொறுப்பாளி என்பதை எந்நிலையிலும் கைவிடவில்லை. வரலாற்று எழுத்துக்கும் அவ்வளவுகோல் பொருந்தும். புரட்சி தவிர்க்கவியலாதது என்றால், வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்த மன்னர் குற்றவாளியல்லர்; சுடுமாறு ஆணையிட்ட தளபதி பொறுப்பாளியல்லர்; பின்னர் ஆட்சியேறி, உடன் நின்றோரை ஒதுக்கியவர்களும் பொறுப்பாளியல்லர். உயிரை ஈந்தோரின் தெரிவுக்கும் பெருமையில்லை என்றாகிவிடும். குர்ஸ்மனின் நூலில் குறைகள் உண்டு. எனினும், ஒருவர் தம் வீட்டு வாசற்படியில் நின்று தயங்கிய அந்தக் கணத்தை வரலாற்றின் மையத்திற்குக் கொண்டுவந்தது அதன் பேறு. ஈரானியப் புரட்சி குறித்துத் தமிழில் இனி எழுதப்படும் ஆய்வுகள் அக்கணத்திலிருந்து தொடங்குமாயின், புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கடந்த ஒரு வாசிப்பு நமக்கும் வாய்க்கும்.